மலையுச்சியில் நான் காட்டிய திசை

எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பள்ளிப் படிப்புதான், மறதியும் உண்டு. பாளையங்கோட்டையில் வெள்ளைக்காரர் வீட்டில் ஆயாவாக இருந்தபோது, இங்கிலாந்துச் சீமையிலிருந்து மலை பார்க்க வந்த ஒரு துரைசாணிக்குத் துணையாகப் பாபநாசத்துக்கு மேலே உச்சிவரை ஏறினேன்.

உச்சியில் மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை. "இந்த மேகத்தப் பாக்கவா வே நம்மளச் சுமக்க வச்சாவ?" என்று சுமைகாரர்கள் சிரித்தார்கள்.

துரைசாணி சிரிக்கவில்லை. "ஆயா, என் மகன் சீமையில். எந்தப் பக்கம்?" என்று தெரிந்த தமிழில் கேட்டார்கள்.

எனக்கு என்ன தெரியும்? என் மகன் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போனவன். அப்புறம் தகவலே இல்லை. எல்லாக் கப்பலும் தூத்துக்குடியிலிருந்துதானே போகிறது என்று, நாங்கள் ஏறிவந்த கிழக்குப் பக்கத்தைக் காட்டி, "அங்கன இருக்கும், அம்மா" என்றேன்.

துரைசாணி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். நானும் கூடவே நின்று பார்த்தேன்.

சீமை அந்தப் பக்கந்தானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.