காற்றடிக்கும் நேரத்துத் தண்ணீர்

எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. ருஷ்தா தாத்தாவை நான் முதன்முதலாகக் கண்டபோது, தன் தோட்டத்தை விட்டுவிட்டுப் பக்கத்துத் தோட்டத்து வெங்காயத்தின்மேல் மழைக்கு மூடும் தறப்பாளை இழுத்துக்கொண்டிருந்தார். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதை அவர் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. வேலிக்கு அப்பால் அவருடைய தெளிப்பான்கள் சுழன்றுகொண்டிருந்தன. அவை வீசிய தண்ணீரெல்லாம் காற்றோடு இந்தப் பக்கம் வந்து, காயப்போட்ட வெங்காயத்தில் தூறலாய் விழுந்தது.

“தம்பி, பாத்துக்கொண்டு நிக்காம ஓடிப்போய் அந்த மோட்டர நிப்பாட்டுங்க” என்றார். எனக்குப் பிரதேச செயலகத்தில் நியமனம் கிடைத்த புதிது. எங்கள் குடும்பத்தில் கந்தோர்க் கதிரையில் உட்கார்ந்த முதல் ஆள் நான். புதுச் சப்பாத்தோடு மணலில் ஓடினேன்.

கற்பிட்டிப் பக்கம் தோட்டம் செய்பவர்கள் கச்சான் காலத்தில் மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு, பொழுதுபட்டுக் காற்று சற்று அடங்கியதும்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ருஷ்தா தாத்தாவுக்கு அது ஒத்துவரவில்லை. கரையோரம் வரிசையாக நிற்கும் காற்றாலைகள் அவர் தோட்டத்திலிருந்து தெரியும். காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று முதலில் அவற்றைத்தான் பார்ப்பார். இறக்கை சுற்றினால் மோட்டர். சுற்றாவிட்டால் களை பிடுங்கல். வீட்டில் உடுப்புக்கு இஸ்திரி போடுவதுகூடப் பகலில்தான்.

“பொழுதுபட்டா ஊரெல்லாம் லைட்டு, ஃபேன், டீவி. அந்த நேரம் நாங்களும் மோட்டரப் போட்டா எண்ணெய எரிச்சுத்தான் கரண்டு தருவாங்க. பகல்ல காத்து சும்மா தாரத்த எடுத்தா என்ன?” என்பார்.

பக்கத்துத் தோட்டம் முத்தலிபு நானாவுடையது; நானா என்றால் அண்ணன். இரண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு. அது அவர் காணியில் இருக்கிறது. “காத்தாடி உனக்கு மாமன் மகனா புள்ள, வாய் பாத்துக்கொண்டு நிக்கிற?” என்று சீண்டுவார். “மாமன் மகனெண்டா இப்புடி வேலை செய்யுமா நானா?” என்று இவரும் விடமாட்டார்.

அன்று அந்தக் கேலி எழவில்லை. காற்றாலையைப் பார்த்த கண், காலையில் நானா வெங்காயம் காயப்போட்டதைப் பார்க்கவில்லை. நனைந்த வெங்காயத்தைத் தம்புள்ளைச் சந்தைக்கு ஏற்ற முடியாது. சேதி கேட்டு வந்த நானா, குனிந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தார். “ஊரோட ஒத்து இரவைக்குத் தண்ணி விடு. ஏலாதெண்டா இந்தப் போகத்தோட வேற கிணறு தோண்டிக்கொள்” என்று மட்டும் சொன்னார்.

ருஷ்தா தாத்தா வீட்டுக் கட்டிலையும் அலுமாரியையும் ஓரங்கட்டி, தரை முழுக்க அந்த வெங்காயத்தைப் பரப்பினார். ஃபேன் ஓடியது. வந்த சொந்தக்காரர்கள் கண்ணைக் கசக்கினார்கள். “மையத்து வீடு மாதிரி எல்லாரும் அழுறீங்க, பிளேன்டி குடிச்சிட்டுப் போங்க” என்றார். முக்கால்வாசி தப்பியது. நானா வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்.

மற்றவர்களைப்போல இரவில் பாய்ச்சிவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். கிணறு போனால் தோட்டமே போய்விடும். பாத்தியில் களை பிடுங்கியபடியே சொன்னார்:

“இரவைக்குப் போடுறது லேசு தம்பி. ஆனா பிழை காத்துலயும் இல்ல, பகல்லயும் இல்ல. தண்ணிய மேல எறிஞ்சது என்ட பிழை.”

தெளிப்பான்களைக் கழற்றினார். பாத்தி பாத்தியாகச் சொட்டுநீர்க் குழாய் போட்டார். குழாய் எட்டாத பாத்திகளுக்குப் போகம் முடியும்வரை வாளியால் ஊற்றினார். “மண்ணோட படுத்துக் கிடக்கிற தண்ணிய எந்தக் காத்தும் தூக்காது” என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டே.

நானா வைத்த கெடு தாண்டி இந்தக் கச்சானிலும் ருஷ்தா தாத்தா அதே தோட்டத்தில், அதே கிணற்றுத் தண்ணீரை, பகலில்தான் பாய்ச்சுகிறார். முத்தலிபு நானா இன்னும் மஃரிபுக்குப் பிறகுதான். போன வாரம் நான் போனபோது காற்று மணலை அள்ளி வீசியது. இவருடைய மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நானா வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வேலியிலிருந்து நன்றாகத் தள்ளித் தொடங்கியவர், கடைசி வரிசையை வேலியோடு ஒட்டி வைத்தார்.