சும்மா இருக்கிறவன்

மிளகு பூக்கும் பருவத்தில் நகரத்து வேலையை விட்டுவிட்டு எங்கள் ஆலத்தூர் நாட்டு வீட்டுக்கு வந்த என் மகன், காய் முற்றத் தொடங்கியும் திரும்பவில்லை. விசாரித்தவர்களுக்கெல்லாம் “சும்மாதானுங்க இருக்கான்” என்றேன். சொல்லும்போது நாக் கூசியது. பிரதோஷந்தோறும் சிவன் கோயிலில் பதிகம் பாடிப் பொருள் சொல்பவன் நான். சும்மா இருத்தல் அடியார்க்கு வாய்க்கும் பெருநிலை, அருளாலன்றிக் கைகூடாதது என்று விரித்துரைத்தவன். அதே சொல் என் வாசலில் வசையாக வந்து நின்றது.

கார்த்திகை மழையில் மைத்துனர் வந்தார். அடிவாரத்தில் லாரி ஆபீஸ் நடத்துபவர். அங்கே ஒரு வேலை இருப்பதாகவும், மருமகனைக் கையோடு அழைத்துப்போக வந்ததாகவும் சொன்னார். அன்று மதியமே மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றது. வெளியே வேலியும் தெரியாத மூடுபனி. உள்ளே ஒரே அறையில் நாங்கள் மூவர்.

“இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒரு எடத்துல குந்தி வேலை செய்ய முடியாதுங்க மச்சான். மேனேஜர் ஒரு வார்த்த சொன்னாப் போதும், பையைத் தூக்கிட்டு ஊட்டுக்கு வந்துருவானுங்க.”

மகன் வெந்த மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே, “ஒரு வார்த்த இல்லீங்க மாமா. தெனமும்” என்றான்.

“நாங்க கேக்காத பேச்சா கண்ணு?”

“கேட்டீங்க. அதத்தான் இப்ப எங்களுக்குச் சொல்றீங்க.”

“வாய் மட்டும் சும்மா இருக்கறதில்ல” என்று சிரித்தவர் என் பக்கம் திரும்பினார். “கோயில்ல சும்மா இருக்கறது பெருசுன்னு சொல்றீங்களாமே மச்சான். பையன் அதக் கேட்டுத்தான் கெட்டுப்போயிட்டானாட்டிருக்குது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வயதுப் பிள்ளைகளைப் பற்றி மைத்துனர் எண்ணுவதில் பாதியை நானும் எண்ணினேன். ஆனால் வந்த புதிதில், கைப்பேசி ஒலிக்கும்போதெல்லாம் அவன் தோள்கள் குறுகியதைக் கண்டவனும் நான்தான். போ என்றால் அந்தத் தோள்களுக்குத் துரோகம். இரு என்றால் ஊர்ப்பேச்சுக்கு நானே வாசலைத் திறந்துவிடுவதாகும்.

மறுநாள் காலை பாதை சீராகி, வளைவில் பஸ்ஸின் ஒலி கேட்டது. மைத்துனர் எழுந்தார்.

“என்னங்க மச்சான், கூட்டிட்டுப் போவட்டுமா?”

மகன் என்னையே பார்த்தான்.

“இருக்கட்டும்” என்றேன்.

“சரிங்க, வேற ஆளுக்குக் குடுக்காம வேலைய வெச்சிருக்கறேன். தை பொறந்ததும் அனுப்பி வையுங்க” என்று ஏறிப் போய்விட்டார்.

பஸ் மறைந்தபின் மகன் கேட்டான்: “எது இருக்கட்டும்னீங்கப்பா? வேலையா, நானா?”

“நீதான் சாமி.”

“அத மாமாகிட்டச் சொல்லியிருக்கலாமுங்க.”

அடுத்த பிரதோஷத்தில் அந்தச் சொல் பயிலும் பாடல் முறைப்படி வந்தது. விட்டுச் செல்ல வழியில்லை. முன்னால் அமர்ந்திருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். தூணோரம் மகன் நின்றான். பாடினேன். பொருள் சொல்ல வாய் எழவில்லை.

மார்கழி பாதி கடந்துவிட்டது. மைத்துனருக்கு இன்னும் நான் சொல்லவில்லை.