நெருப்பின் வீட்டுக்குள் ஒரு சாலை

கிலவேயா எரிமலைப் பூங்காவில் நோஹியாவுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரே வேலை: நேனே வாத்துகள் சாலையைக் கடக்கும்போது வண்டிகளை நிறுத்துவது. ஊரார் அவளை ‘வாத்துக்காரி’ என்றனர். அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொண்டாள்.

அன்று காலை மலைப்பள்ளத்திலிருந்து நெருப்பூற்று சீறி எழுந்தது. சில மணி நேரம் பொங்கும். பிறகு சட்டென்று நின்றுவிடும். ஊரே திரண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து நேனே இணையொன்று மூன்று குஞ்சுகளோடு நடுச்சாலையில் வந்து நின்றது. நோஹியா பலகையை உயர்த்தினாள்.

முதல் வண்டியை ஓட்டி வந்தவன் அவள் கணவன் கெயோலா. அருகில் மாமனார் கவேலோ. அவருடைய பார்வை இன்னும் சில வாரங்களே நிலைக்கும் என்று மருத்துவர் கூறியிருந்தார். அதற்குள் ஒருமுறை நெருப்பைப் பார்த்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, மாமனாரைவிட வாத்து ஒசத்தியாப் போச்சா?”

“வாத்து வம்பு பேசாது மாமா.”

“சூன்னு ஓரமா விரட்டி விடேன்,” என்றான் கெயோலா.

“குஞ்சு சிதறிடும். நீங்க பேசாம இருங்க.”

மரங்களுக்கு மேலே ஆயிரமடி உயரத்துக்குச் செந்தழல் நின்றது. எல்லோரும் இறங்கி அண்ணாந்து பார்த்தனர். கவேலோ மட்டும் வண்டியிலேயே கண்களை இறுக மூடியிருந்தார். பள்ளத்தின் விளிம்பில் தம் பெயரையும் முன்னோர் பெயர்களையும் சொல்லி, நெருப்பின் தலைவியான பேலேயிடம் அனுமதி பெற்ற பிறகே அவள் முகத்தைப் பார்ப்பது அவர் குடும்பத்து வழக்கம்.

திடீரென்று இரைச்சல் தாழ்ந்தது. அந்த ஒலியின் பொருளை நோஹியா அறிவாள். குஞ்சொன்றோ சாலையிலேயே படுத்துவிட்டது.

“மாமா, அடங்கப் போகுது. இங்கிருந்தே பாருங்க!”

“வாசல்ல நின்னு கேக்காம எட்டிப் பாக்கவா? நான் என்ன திருடனா?”

“மலை முழுக்க அவ வீடுதானே? நீங்க உள்ளே வந்து அரை மணி நேரமாச்சு மாமா. இங்கேயே கேளுங்க.”

கவேலோ சற்று யோசித்தார். பிறகு மகனின் தோளைப் பற்றி இறங்கி, தொப்பியைக் கழற்றினார். ஏழு தலைமுறைப் பெயர்களையும் சிறிதும் அவசரமின்றிச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் நோஹியா தழலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டாள். ஏழாவது பெயர் முடிந்ததும் அவர் கண்களைத் திறந்தார்.

ஊற்று அடங்குமுன் ஒருமுறை எக்கி எழுந்து, மேகத்தின் அடிவயிற்றைச் சிவப்பாக்கியது.

“அம்மாடி! எனக்கே தெரியுதே!” என்றார் கவேலோ.

தழல் சரிந்தது. ஒலியும் நின்றது. அதன் பிறகும் நெடுநேரம் ஒருவரும் வண்டியில் ஏறவில்லை.