ஆவடி முத்தாபுதுப்பேட்டை பிலோமினா

தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புகளை நான் எடுப்பதில்லை. சென்ற வாரம் அப்படி ஒன்று விடாமல் ஒலித்து ஓய்ந்தது. பிறகு ஒரு குரல்செய்தி வந்தது. "சுகந்தி, நான் ரீட்டா. பிலோமினா அக்காவோட தங்கச்சி. அக்கா காலைல போய்ட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சி." அலுவலகப் படிக்கட்டில் நின்றபடி அதைத் திரும்பவும் கேட்டேன். அழுகை வரவில்லை. துக்கத்துக்கு முன்னால் பயம் ஏன் வந்தது என்பதை, அவரை அறிந்த நேயர்களாகிய உங்களிடம்தான் சொல்ல முடியும்.

நம் வானொலி நேயர் மன்றத்தைப் பற்றி வெளியில் சொன்னால் இன்று சிரிப்பார்கள். சிற்றலையில் வரும் வெளிநாட்டுத் தமிழ் ஒலிபரப்புகளைக் கேட்போம். அன்று எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று நிலையத்துக்கு எழுதிப் போடுவோம். பதிலுக்கு வண்ண அட்டை வரும். அதைவிடப் பெரிய பரிசு, அறிவிப்பாளர் நம் பெயரை முகவரியோடு வாசிப்பது. கதவு எண், தெரு, ஊர், பின்கோடு வரை வாசிக்க வேண்டும். வெறும் பெயரோடு நிறுத்திவிட்டால் அடுத்த கூட்டத்தில் அந்த நேயர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். எங்கள் அம்பத்தூர் வீட்டு முகவரி முதன்முறை காற்றில் வந்தபோது அப்பா தெருவில் இறங்கி எல்லோரிடமும் சொன்னார்.

ஆண்கள் நிறைந்த அந்த மன்றத்துக்குப் பிலோமினா அக்காதான் செயலாளர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தட்டச்சு வேலை பார்த்தார். "பொம்பளைங்களுக்கு சிக்னலப் பத்தி இன்னா தெரியும்?" என்று ஒருவர் கேட்டபோது, "உன் ரேடியோ கரகரன்னு கீதாமே நைனா, மொதல்ல அதத் தட்டிப் பாரு" என்றார். கேட்டவரே சிரித்துவிட்டார்.

கரையான்சாவடியில் பிரவுசிங் சென்டர் திறந்த புதிதில், மன்றத்துக்கு ஒரு இணையப் பக்கம் செய்தவரும் அவர்தான். சனிக்கிழமைகளில் வேலைவிட்டு நேராக அங்கே போய்விடுவார். எல்லா நேயர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கூட்டத்தில் எடுத்த படம், படத்தின் கீழே யார் யார் என்ற விவரம் எல்லாவற்றையும் ஏற்றினார். யாருக்கும் அது தவறாகப் படவில்லை. முகவரி வாசிக்கப்படுவதற்காகவே கடிதம் எழுதியவர்கள் நாம். "இனிமே அறிவிப்பாளர் வாயப் பாத்துகினு இருக்க வேணாம். ஒலகமே படிக்கும்" என்றார். உண்மையில் படித்தது. வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் தமிழர்கள் எழுதினார்கள். பத்து வருடம் அஞ்சலட்டையில் வளர்ந்த மன்றம் ஒரே மழைக்காலத்தில் இரண்டு மடங்கானது.

காற்றில் வந்த முகவரி வாசித்த மறுநொடி கரைந்துவிடும். இணையத்தில் ஏறியது அங்கேயே நிற்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்போது நான் வேலப்பன்சாவடியில் கல்லூரியில் கடைசி வருடம். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் எண்ணைத்தான் மன்றத்தில் கொடுத்திருந்தேன். ஒரு மாலை எனக்குப் போன் என்று அவர் மதில் மேலாகக் கூப்பிட்டார். எடுத்தேன். அறியாத ஆண்குரல், அவசரமே இல்லாமல் பேசியது. "போட்டோல ரெண்டாவது வரிசைல பச்சை சுடிதார் நீங்கதானே? உங்க தெருவுக்கு வழி கேட்டு வச்சிருக்கேன். வரட்டுங்களா?" வைத்துவிட்டேன். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் மணி அடித்தாலே உள்ளறைக்குப் போய்விடுவேன்.

வீட்டில் சொல்ல முடியாது. மன்றத்தில் சேரும்போதே அப்பா சொல்லியிருந்தார். "ஏதாவது ஒரு பேச்சு வந்துச்சு, ரேடியோவும் கிடையாது, காலேஜும் கிடையாது." கல்லூரிப் பேருந்தில் ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பேன். இவனா, அவனா. அந்த முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவனுக்குத் தெரியும். அதுதான் தூங்கவிடவில்லை.

சனிக்கிழமை கரையான்சாவடிக்குப் போய் அக்காவிடம் மட்டும் சொன்னேன். "இன்னாடி, பேயறஞ்ச மாதிரி கீற?" என்று சிரித்தபடி தொடங்கியவர், நான் சொல்லச் சொல்லக் கணினிப் பக்கம் திரும்பி, மன்றத்தின் இணையப் பக்கத்தை அங்கேயே அழித்தார். "அவ்ளோதான். போச்சு." பிறகு சந்தேகம் வந்து என் பெயரைப் போட்டுத் தேடினார். வேறொரு நாட்டு நேயர் ஒருவர், அன்பு மிகுதியில், எங்கள் பக்கத்தை அப்படியே எடுத்துத் தன் தளத்தில் வைத்திருந்தார். படம், பெயர், கதவு எண், எல்லாம் அங்கே இருந்தது. அக்கா மவுசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஊருக்கே உன் ஊட்டுக்கு வழி சொல்லிட்டேனேடி" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த நாள் மாதா கோயில் பூசை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவிடம் அவர் எல்லாவற்றையும் சொல்ல, நான் சமையலறையில் நின்று கேட்டேன்.

"தப்பு என்னுது சார். அட்ரஸ போட்டது நானு. பொண்ணு ஒண்ணுமே பண்ல."

"அதான் ரேடியோவே வேணாம்னேன். காலேஜ நிறுத்திட்டா எல்லாம் சரியாப் போயிடும்."

"அவன் அங்க ஜாலியா கீறான் சார். நீங்க இவளப் பூட்டி வெப்பீங்களா? இன்னா நாயம் இது?"

அப்பா எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். "அவன் வந்தா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் அவருக்கும் என்னைப் போலவே பயம் என்று புரிந்தது.

"இங்க வர மாட்டான். நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா.

அந்த வெளிநாட்டு நேயருக்கு எழுதி, என் முகவரியை எடுத்துவிட்டு, முத்தாபுதுப்பேட்டையிலிருந்த தன் வீட்டு முகவரியைப் போட வைத்தார். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம், யாராவது கேட்டால் நாங்கள் வீடு மாற்றி முத்தாபுதுப்பேட்டைக்குப் போய்விட்டதாகச் சொல்லச் சொன்னார். ஒரே ஒருமுறை மணி அடித்தது. ஆன்ட்டி அப்படியே சொன்னார். பிறகு அழைப்பு இல்லை. நான் படித்து முடித்தேன். வானொலியில் என் பெயர் தொடர்ந்து வந்தது, அக்காவின் முகவரியோடு. அவ்வளவோடு முடிந்தது என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

அடக்கத்தன்று ரீட்டா காப்பி டம்ளரை என் கையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் வந்தாம்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அக்கா என்னாண்ட சத்தியம் வாங்கிகினா."

நான் டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"அப்பவே ஒரு நாளு சாயங்காலம். வெள்ளச் சட்ட, நல்லா படிச்சவன் மாதிரி. 'சுகந்தி இருக்காங்களா'ன்னான். இவ கதவாண்ட நின்னுகினு, 'நான்தான் சுகந்தி. இன்னா வேணும்?'னா. அவன் இவளையே பாத்தான். 'போட்டோல வேற ஆளு'ன்னான். 'கீழ பேர மாத்திப் போட்டுட்டாங்க, போ'ன்னு கதவ சாத்திட்டா. அப்றம் ஒரு தபா எதுத்தாப்ல மரத்தடியில நின்னான். எவ்ளோ நாளு லைட்ட அணைக்காம படுத்தா தெரியுமா? கேட்டா, 'கொசு கடிக்குதுடி'ம்பா."

காப்பி ஆறிப்போயிருந்தது. அவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. எனக்கும் இப்போது ஐம்பது நெருங்குகிறது, அவனும் எங்கோ இருப்பான். அந்தப் பயம் என்னைவிட்டுப் போகாது, போகும் என்று இனி எதிர்பார்க்கவும் மாட்டேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, நான் கேட்காத ஒரு வாக்கியம். முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மாலை, பாதி திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் சொன்னது: "நான்தான் சுகந்தி."