டிரங்க் அக்கா பிடித்த லைன்

டிரங்க் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓய்வூதியப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது; வெளியே எடுப்பாரில்லை. முப்பத்தொரு வருடம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து வெளியூர், வெளிநாட்டு டிரங்க் கால்களை இணைத்துக் கொடுத்தவள் என்பதால், காய்கறிக்காரர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் டிரங்க் அக்காதான். அறுபத்து நாலு வயது, ஒல்லி உடம்பு, பாம்புக் காது. பிள்ளைகுட்டி இல்லை. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால், "லைன் கிடைக்கல, விடுங்க" என்று சொல்லி அவளே முதலில் சிரித்துவிடுவாள்.

மற்றவர்கள் பத்தாவது நாளே கொட்டாவி விட ஆரம்பித்த வேலை அது. அவளுக்கு மட்டும் முப்பத்தொரு வருடமும் பிளந்த வாய் மூடவில்லை. ஒரு கம்பியை எடுத்து ஒரு துளையில் செருகினால், கடலுக்கு அப்பால் யாரோ மூச்சு விடுவது கேட்கிறது! இதற்கு அசராதவர்கள் வேறு எதற்குத்தான் அசருவார்கள் என்பது அவள் கட்சி. நியாயமான கட்சிதான். இப்போது ஆளாளுக்குப் பையில் ஒரு ஃபோன் இருப்பதால் அந்த ஆச்சரியம் போய்விட்டது என்று யாராவது சொன்னால், அவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள்.

அவள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு தம்பதி. கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மனைவி பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. பிள்ளைகள் வைத்த பெயர் நூலகத்தம்மா. கடல் தாண்டி இருந்த ஒரு நாட்டில், குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்த ஒரு பெண்குழந்தையை இவர்களுக்குத் தத்துக் கொடுப்பதென்று முடிவானபோது குழந்தைக்கு ஒன்றரை வயது. ஒரு காலில் சாக்ஸ், இன்னொரு சாக்ஸ் கையில், படம் எடுத்தவர்மேல் பலத்த சந்தேகம் - இப்படி ஒரு புகைப்படம் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. படத்தில் வயது ஏறவில்லை. குழந்தைக்கு நாலு நெருங்கிவிட்டது.

உடல் பரிசோதனை, வீட்டுச் சோதனை, போலீஸ் சான்று என்று எல்லாம் முடிந்து, அவற்றில் சில காலாவதியாகி மறுபடி வாங்கியும் ஆயிற்று. பாக்கி, அந்த நாட்டு அலுவலகத்தின் கையெழுத்து. அது பதினான்கு மாதமாக இன்று, நாளை என்று இழுத்தது. மின்னஞ்சலைக் கவனிக்க மாட்டோம், எதுவானாலும் தபாலில் அனுப்புங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டதால், நூலகத்தம்மா மாதம் தவறாமல் ஒரு கடிதம் எழுதினாள். இரண்டு பக்கம், பணிவான சொற்கள், கூடவே புதுக் கட்டிலின் படம், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் அடித்த புத்தக அலமாரியின் படம். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரிப் பதில் வந்தது: தங்கள் கடிதம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது. கிணற்றில் போட்ட கல்கூட விழும்போது ஒரு சத்தமாவது போடும்.

மாதத்தின் முதல் தேதி காலையில் அவள் ஒரு தாளோடு அக்காவின் சமையலறைக்குள் வந்தாள்.

"அக்கா, எங்களுக்குக் கொடுத்த அனுமதி இந்த மாசக் கடைசியோட முடியுது. அதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா அவ பேரு திரும்பப் பொதுப் பட்டியலுக்குப் போயிடுமாம். நாலு வயசான பிள்ளைய யாரும் கேக்குறதில்லையாம். எங்களுக்கும் திருப்பித் தர மாட்டாங்க."

"ஃபோன் போட்டியா?"

"எத்தனையோ தடவை. ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துன்னு சொல்லிட்டு கடைசில கட் ஆயிடுது."

"மெஷின் கூடப் பேசினா அப்படித்தான். ஆளைப் பிடிக்கணும்," என்றாள் அக்கா. அடுப்பை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். அலுவலகத்தை எப்படிக் கறப்பது என்பது அக்காவுக்குத் தெரியும். அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு மூன்று மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே ஒன்பது மணிக்குக் கதவு திறக்கும் நேரத்துக்கு, இங்கே காலை ஆறு மணிக்கு, நாள் தவறாமல் கூப்பிட்டாள். குழந்தையின் கோப்பைப் பற்றி மூச்சு விடவில்லை. வணக்கம் சொன்னாள், யார் எந்தப் பதிவேட்டைப் பார்க்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், நன்றி சொன்னாள், அவர்கள் வைக்கும்வரை தான் வைக்காமல் இருந்தாள். முதல் நான்கு நாள் வாசல் காவலாளிதான் எடுத்தார். ஐந்தாம் நாள் அவர் சிரித்தார். எட்டாம் நாள், தத்துப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயரைச் சொன்னார். பன்னிரண்டாம் தேதி அந்தப் பெண்ணே எடுத்தாள். இருவரும் பேசியது ஆங்கிலத்தில். அது இருவருக்குமே மாமியார் வீட்டு மொழி, அளந்துதான் பேச முடியும். நம் மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்:

"தினமும் ஒன்பது மணிக்குக் கூப்பிடுறது நீங்கதானா?"

"நான்தான். ஒரு குழந்தைக்காக."

"கோப்பு நம்பர் சொல்லுங்க." அக்கா சொன்னாள். "இருங்க, வரேன்."

ரிசீவரை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டது. பிறகு இருபத்திரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை.

ஆனால் லைன் திறந்திருந்தது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. செருப்புச் சத்தம் தூரமாகப் போயிற்று. ஒரு சாவிக்கொத்து, ஒரு இரும்புக் கதவு, யாரோ ஒருவரின் இருமல். வெளியே அந்த ஊரில் மழை பெய்துகொண்டிருந்தது. தகரத்தின்மேல் விழும் மழை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இங்கே இப்போதுதான் பொழுது விடிகிறது, அங்கே முகம் தெரியாத ஒருத்தி எழுந்து, நடந்து, நம் பிள்ளையைத் தேடப் போயிருக்கிறாள். இந்த உலகத்தில் இப்படியும் ஒன்று நடக்கிறதே என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் இருந்த நூலகத்தம்மா, "கட் ஆயிடுச்சா?" என்று கிசுகிசுத்தாள். அக்கா விரலை உயர்த்தி அவளை அடக்கினாள், பிறகு ஃபோனை இருவர் காதுக்கும் நடுவே பிடித்தாள். மழையை இருவரும் கேட்டார்கள்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

"கோப்பு தொலையல. தடிமனா இருக்கு," என்றாள் பதிவேட்டுக்காரி. "பதினாலு கடிதம் இருக்கு. அதுதான் சிக்கல்."

அலுவலக விதி அது. வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால், கையெழுத்துக்கு அடுக்கி வைத்த கோப்பை உருவி எடுத்துக் கடிதப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே கடிதத்தைச் சேர்த்துத் தைத்து, எண் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். திரும்பி வருகிற கோப்பு அடுக்கின் அடியில் போகும். அடியிலிருந்து மேலே வர ஐந்து வாரம். இவளோ நாலு வாரத்துக்கு ஒரு கடிதம். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதை இவளே தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.

"போன மாசக் கடிதத்துக்கு அப்புறம் எதுவும் வரலைன்னா, மாசக் கடைசில மேல வரும். ஒண்ணும் அனுப்பாதீங்க. நீங்களும் கூப்பிடாதீங்க. கூப்பிட்டா அதையும் கோப்பை உருவி நான் எழுதி வைக்கணும். இதுவரைக்கும் எழுதல," என்று சொல்லிவிட்டு அவள் வைத்தாள்.

பதினைந்தாவது கடிதம் அந்த நிமிடம் நூலகத்தம்மாவின் கைப்பையில், ஒட்டி முடித்து, தபால் பெட்டிக்குப் போகத் தயாராக இருந்தது. அவள் அதை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"தவளை தன் வாயால கெடும்பாங்க. நான் கையால கெட்டேன்கா. பதினாலு மாசம் அவளை நான்தான் வரவிடாம நிறுத்தியிருக்கேன்."

அக்காவுக்குத் தேற்றத் தெரியாது. அவள் வேறொன்றில் அசந்துபோய் இருந்தாள். "ஒரு கடிதத்தைக்கூடத் தூக்கிப் போடலியே! பதினாலையும் தைச்சு வச்சிருக்காங்க, பாரேன்," என்றாள். அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. நூலகத்தம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மாடியேறிப் போனாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்யாமல் இருக்கிற வேலை. உலகத்தில் அதைவிடக் கடினமான வேலை கிடையாது. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று சொன்னவர் எவரும் பிள்ளைக்காகக் காத்திருந்தவராக இருக்க முடியாது. காலை ஆறு மணிக்கு அக்காவின் விரல்கள் ஊறின. ஃபோனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். லிஃப்ட்காரர் நன்றாக இருந்த கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை கழற்றி மாட்டினார்.

"லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க பட்டனைப் போட்டு அழுத்திக்கிட்டே இருப்பாங்கக்கா. அழுத்தாம நில்லுங்கன்னு வெளிய இருந்து கத்துவேன். இப்ப நான் உள்ள நிக்கிறேன்."

நூலகத்தம்மா மட்டும் அழுத்தவில்லை. எழுதியே பழகிய கை, ஒரு வரிகூட எழுதவில்லை. பள்ளிக்குப் போனாள், வந்தாள், புதுக் கட்டிலின் விரிப்பைத் துவைத்துப் போட்டாள். தன்னால்தான் கெட்டது என்று தெரிந்த பிறகும் ஒருத்தி இவ்வளவு அசையாமல் நிற்க முடியுமா என்று அக்கா அவளைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம் வியந்தாள். ஒரு தடவை அதை வாய்விட்டே சொன்னாள்: "உன்னைப் பார்த்தா எனக்குப் பயமா இருக்கும்மா. நல்ல பயம்."

இருபத்தைந்து போயிற்று, இருபத்தெட்டு போயிற்று. கடைசித் தேதியும் வந்தது. அங்கே அலுவலகம் மூடுவது நாலு மணிக்கு. இங்கே மதியம் ஒன்று. மூன்று பேரும் அக்காவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டரை. முக்கால். ஒன்று.

ஒன்றேகாலுக்கு நூலகத்தம்மா எழுந்தாள். "எலி வளை முன்னால பூனையாட்டம் உக்காந்திருந்து என்ன பிரயோஜனம்?" என்றாள் யாரையும் பார்க்காமல். கணவர் அவள் கையைப் பிடித்தார். அப்போது ஃபோன் அடித்தது.

பதிவேட்டுக்காரிக்கு மூச்சு வாங்கியது. "முடிஞ்சுது. எல்லாக் கையெழுத்தும், முத்திரையும்."

அக்கா தலையை ஆட்டிக் காட்டினாள்; ஃபோனை மறுபடி தன் காதுக்கும் நூலகத்தம்மாவின் காதுக்கும் நடுவே பிடித்தாள். லிஃப்ட்காரர் சுவரோடு சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டார். "காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றாள் அக்கா.

"எப்படிச் சொல்ல? காலையிலதான் கோப்பு மேல வந்துச்சு. அதுக்கு மேல நாலு மேசை பாக்கி இருந்துச்சு. மேசையில வச்சா அந்த மேசைப் பதிவேட்டுல ஏறிடும், மேசைக்கு மூணு நாள் ஆகும். அதனால நான் எங்கயும் வைக்கல. கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தர் முன்னாலயும் நின்னேன். பிடிச்சிருக்கும்போதே கையெழுத்துப் போட்டாங்க. சாப்பிடும்போதும் மடியிலதான். கடைசி ஆள் கிளம்பிட்டார், வாசல்ல ஓடிப் பிடிச்சேன். இப்பவும் காவலாளிதான் ஃபோனை என் காதுல வச்சிருக்கார்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "கை வலிக்குது. இப்ப கீழ வைக்கலாமா?"

முப்பத்தொரு வருடம் ஒரு அழைப்புக்கும் பதில் சொல்லத் தவறாத டிரங்க் அக்கா இந்த ஒரு கேள்வியை மட்டும் உரியவளுக்கு இணைத்துக் கொடுத்தாள். ஃபோனை நூலகத்தம்மாவிடம் நீட்டினாள். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஆங்கிலம் மறந்துபோய், தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கும் ஒருத்தியிடம் சொல்வதுபோல, தமிழிலேயே சொன்னாள்:

"வைங்க. மெதுவா வைங்க."