மணியம்மாளின் கீரைப் பாத்தி

பழவேற்காட்டை ஒட்டிய லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் கீரை வளர்த்துக் காட்டியவர் மணியம்மாள். உப்புக் காற்றில் வேலிச்செடியே கருகும் ஊரில் அது பெரிய பேச்சு.

"இன்னாக்கா, மெட்ராஸ்லேர்ந்து மண்ணு தருவிச்சியா?" என்று பெண்கள் சீண்டுவார்கள்.

"ஆமா, லாரில வந்துச்சு. நீ பாக்கலியா?" என்பார்.

அவர் கணவர் திருவேங்கடம் பழைய பஸ் பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி, வலை நீரில் அமிழக் கட்டும் குண்டுகளை வார்ப்பவர். கொல்லையில் உலை இருந்த மூலையில் மண் கறுத்துக் கிடந்தது. சாம்பல் நல்ல உரம்தானே என்று அங்கேயே பாத்தி கட்டினார் மணியம்மாள். கவிச்சி போகப் புளி கரைத்து மீன் கழுவுவது குப்பத்தில் எல்லா வீட்டிலும் வழக்கம். மற்றவர்கள் அந்தத் தண்ணீரை மணலில் வீசிவிடுவார்கள். இவர் சொட்டு வீணாக்காமல் பாத்தியில் ஊற்றினார்.

1983இல் அடுத்த வீட்டுக் கஸ்தூரியின் மகள் சாந்தி வெளிறிப்போனாள். இரண்டு வயது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள், வாந்தி எடுப்பாள். மணியம்மாளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தை அவர் இடுப்பில்தான் வளர்ந்தது. "கீரை ஊட்டுடி, ரத்தம் ஊறும்" என்று தினமும் பறித்துத் தந்தார்.

குழந்தை தேறவில்லை. இருவருமாக மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தத்தில் ஈயம் இருந்தது. ஊசி போடக் கஸ்தூரி குழந்தையோடு உள்ளே போயிருந்தபோது, டாக்டர் மணியம்மாளிடம் விசாரித்தார். தன் வீட்டில் ஈயம் உருக்குவது உண்டு, ஆனால் குழந்தையை அந்தப் பக்கமே விடுவதில்லை என்றார் இவர்.

"மண்ணுல விழுந்த ஈயம் பெரும்பாலும் அங்கேயே ஒட்டிக் கிடக்கும்மா. புளி, எலுமிச்சை மாதிரிப் புளிப்புத் தண்ணி படப்பட அது கரைஞ்சு நகரும். வேர் வழியா செடிக்குள்ளயும் ஏறும். அந்த இடத்துல ஏதாவது பயிர் வெச்சிருக்கீங்களா?"

மணியம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கீரையைப் பறித்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"இல்ல சார்" என்றார்.

திரும்பும் பஸ் திருப்பாலைவனத்தில் நின்றது. மீன்கூடைக்காரப் பெண்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். சாந்தி மணியம்மாள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஊட்டுக்குப் போனதும் ரெண்டு பிடி கீரை கிள்ளிக் குடு. புள்ளைக்கு ஆக்கணும்" என்றாள் கஸ்தூரி.

"குடுக்க மாட்டேன்."

"இன்னாக்கா, பிகு பண்றியே!" கஸ்தூரி சிரித்தாள்.

"அதுலதான்டி வெசம் கீது. என் கீரைலதான். டாக்டரு கேட்டாரு. செடியே இல்லன்னு சொல்லிட்டேன்."

கூடைக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி தூங்கும் குழந்தையை மடியிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு எழுந்தாள். பழவேற்காடு வரை கூட்டத்தில் நின்றபடியே வந்தாள்.

அன்றே பாத்தி போனது, உலையும் அணைந்தது. மறுநாள் மணியம்மாள் தனியாக மெட்ராஸ் போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார். சாந்தி மெல்லத் தேறினாள். கஸ்தூரி பிறகு பேசவும் செய்தாள். ஆனால் மணியம்மாள் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் குழம்புகூடப் போகவில்லை. யாராவது உப்பு கேட்டு வந்தாலும், "கடைல வாங்கிக்கம்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.