ஓலைக்கு ஆட்சேபனை

கேள்வி கேட்பது ஒரு வியாதி என்றால், முத்துப்பேச்சிக்கு அது முற்றிப்போய் இருபது வருடம் ஆகிறது. மார்க்கையன்கோட்டைப் பக்கம் கிராம சுகாதார நர்ஸ் வேலை. ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போவாள். கர்ப்பிணியின் பெயர், வயது, கணவர் பெயர், எத்தனையாவது பிரசவம் என்று எழுதினால் போதும். சம்பளம் கொடுக்கிறவர்கள் கேட்பது அவ்வளவுதான். இவள் அதோடு விடுவாளா? மாமியார் ஏன் கோபித்துக்கொண்டு போனார், சுவரில் பாதிக்கு மட்டும் ஏன் பெயின்ட் என்று விசாரித்து முடிப்பதற்குள் கொடுத்த காபி ஆறிப்போகும். "இந்தப் பிள்ள நர்ஸா, போலீஸா?" என்று அந்தப் பக்கத்துப் பெண்கள் கேலி செய்வார்கள்.

ஆனால் எழுத்தில் கறார். குழந்தைக்கு உறவு என்று வரும் கட்டத்தில் பெற்ற பிள்ளையா, தத்துப் பிள்ளையா, அக்கா பிள்ளையை வளர்க்கிறார்களா என்று கேட்டு, உள்ளதை உள்ளபடி எழுதினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அந்தக் கட்டத்தின்மேல் அவளுக்கு ஏன் அத்தனை கண் என்பதற்கும் காரணம் இருந்தது.

சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டி போகிற ரோட்டில் இம்மானுவேலுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைத் தோட்டம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், கொடியைக் கவாத்து வெட்டுகிற வேலைக்கு வருசநாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. வந்த பத்தாவது நாள் காய்ச்சலில் படுத்தவள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள். பிள்ளை நான்கு நாள் தோட்டத்து மோட்டார் ரூமில், வேலையாட்கள் ஊட்டியதைத் தின்றுகொண்டு இருந்தது. தேடி வர ஆளில்லை. ஐந்தாம் நாள் இம்மானுவேல் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் மனைவி சுப்புத்தாய் வெந்நீர் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது.

பிள்ளையில்லாத வீடு என்றால் ஊருக்குக் காரணம் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அதுவும் இல்லை. ஸ்டீபன் என்று ஏழு வயதில் ஒரு மகன் ஏற்கெனவே அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்தான். வந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பெயரை மாற்றலாமே என்று சர்ச்சில் நாலு பேர் சொன்னதற்கு இம்மானுவேல், "அவுக ஆத்தா அதுக்குக் குடுத்துட்டுப் போனது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் புடுங்கணுமா?" என்று கேட்டார். இப்படித்தான் ஒரு கிறிஸ்தவ வீட்டில் முத்துப்பேச்சி வளர்ந்தாள்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். என்னை ஏன் வைத்துக்கொண்டார்கள்?

சுப்புத்தாயிடம் கேட்டால், "கேக்க ஆளு வரல, வச்சுக்கிட்டோம்" என்பாள். "ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருக்கலாம்லம்மா?" என்றால், "ஒப்படைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விடுவாள். தோட்டத்துக் காவலுக்கு இருந்த ஒச்சாண்டியிடம் கேட்டால், "நீ வந்த வருசம் காய்ப்பு நல்லாருந்துச்சு தாயி, அதான்" என்பார். அதையும் விடாமல் சரிபார்த்தாள். அந்த வருடம் செவட்டை நோய் விழுந்து தோட்டமே கருகியிருந்தது. ஒருமுறை லீவு போட்டு வருசநாட்டுக்கே போய், அம்மாவின் ஆட்களைத் தேடி மூன்று நாள் அலைந்தாள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. இம்மானுவேலோ இந்தக் கேள்வி வந்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்கு மருந்தடிக்கப் போய்விடுவார்.

காரணம் கிடைக்காதபோது மனுஷி என்ன செய்வாள்? தானே ஒரு காரணமாக ஆகிவிடப் பார்த்தாள். வீட்டில் முதலில் எழுவது அவள், கடைசியில் சாப்பிடுவது அவள். எனக்கு இது வேண்டும் என்று அவள் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. ஸ்டீபன் தோட்டத்துக்குள் போனால் கைக்கு எட்டின கொத்தை ஒடித்துத் தின்றுகொண்டே நடப்பான். இவள் கீழே விழுந்து கிடக்கிற உதிரியைத்தான் பொறுக்கித் தின்பாள். வியாபாரிக்கு என்று வெட்டுகிற கொத்தில் கை வைத்ததில்லை. நல்ல பிள்ளை என்று ஊர் மெச்சியது. சுப்புத்தாய்க்கு மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு வலிக்கும், ஆனால் அதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

போன தை மாதம் முத்துப்பேச்சிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை தவமணி, தேனியில் மின்வாரியத்தில் வேலை. அந்தச் சர்ச்சில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம் நடக்கவிருக்கிறது, ஆட்சேபனை இருப்பவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையின் நடுவே சத்தமாக வாசிப்பார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில்தான் பாதிப் பேர் காணிக்கைக்குச் சில்லறை தேடுவார்கள்.

முதல் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை, முத்துப்பேச்சி வேலை முடிந்து வரும் வழியில் சர்ச் உபதேசியார் நல்லகண்ணு வீட்டு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தினாள். ஓலை எழுதுவது அவர் பொறுப்பு. இம்மானுவேல் கொடுத்திருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். 'மகள்' என்று இருந்தது.

"ஒரு சொல்லு விட்டுப்போச்சுங்கய்யா. வளர்ப்பு மகள்னு எழுதிக்கங்க."

"அப்பா அப்படிச் சொல்லலையேம்மா?"

"ஆண்டவர் சந்நிதியில வாசிக்கிறது. உள்ளது உள்ளபடி இருக்கணும்ல? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுலயும் மறைச்சிட்டாகன்னு சொல்லிரக் கூடாது."

ரிஜிஸ்டர் எழுதிப் பழகின கை. அவளுக்கு அது தப்பாகவே படவில்லை. உபதேசியாரும் பேனாவை எடுத்துச் சேர்த்துவிட்டார்.

மறுநாள் ஆராதனைக்குத் தேனியிலிருந்து தவமணியும் அவன் அம்மாவும் வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆயர் தாளைப் பிரித்து வாசித்தார். "இம்மானுவேல், சுப்புத்தாய் இவர்களுடைய வளர்ப்பு மகள் முத்துப்பேச்சிக்கும்..." என்று தொடங்கி, ஆட்சேபனை உள்ளவர்கள் இப்போதே தெரிவிக்கலாம் என்று முடித்துவிட்டு, வழக்கம்போலத் தாளை மடிக்கப் போனார்.

"எனக்கு இருக்குங்கய்யா."

ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றது இம்மானுவேல்.

சில்லறை தேடிக்கொண்டிருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்ட கேள்விக்கு இப்போது, இந்த இடத்தில், இத்தனை பேர் முன்னால் பதில் வரப்போகிறது என்று முத்துப்பேச்சி நினைத்தாள். தன் பிறப்பில் இவர் இத்தனை நாள் மறைத்த ஏதோ ஒன்று இருக்கிறது. அதனால்தான் துண்டை உதறிக்கொண்டு போனார். இனி இந்தக் கல்யாணம் இல்லை, இந்த வீடும் இல்லை. தவமணியின் அம்மா தலையில் போட்டிருந்த முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"என்ன ஆட்சேபனை, இம்மானுவேல்?" என்று ஆயர் கேட்டார்.

"நான் எழுதிக் குடுத்த தாளுல வளர்ப்புங்கிற சொல்லு இல்லய்யா. யாரு சேத்தது?"

உபதேசியார் எழுந்து, "பேச்சிதான் வந்து சொல்லுச்சு" என்றார். சபை மொத்தமும் பெண்கள் பக்கம் திரும்பியது.

இம்மானுவேலும் திரும்பினார். அவளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் மறுபடியும் ஆயரைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆறு வருசத்துக்கு முன்ன எம்மவன் ஸ்டீபனுக்கு இதே எடத்துல ஓலை வாசிச்சீக. பெத்த மகன்னா வாசிச்சீக? வெறும் மகன்னுதான வாசிச்சீக. அப்ப இவளுக்கு மட்டும் என்னத்துக்கு ஒரு அடைமொழி? அந்தச் சொல்ல அடிச்சிட்டுத் திரும்ப வாசிங்க. இல்லாட்டி என் ஆட்சேபனை அங்கனயே இருக்கும்."

ஆயர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். உபதேசியார் ஓடிப்போய்க் கொடுத்தார். அந்தச் சொல்லை ஒரு கோடாக இழுத்து அடித்துவிட்டு ஆயர் சொன்னார்: "நம்ம எல்லாருமே ஆண்டவர் வீட்டுக்கு அப்படி வந்து சேந்தவுகதான். அவரு யாரையும் அடைமொழி போட்டுக் கூப்பிடல." பிறகு முதலிலிருந்து வாசித்தார். அவர்களுடைய மகள் முத்துப்பேச்சிக்கும் என்று வந்தபோது சுப்புத்தாய் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆட்சேபனை உண்டா என்று இரண்டாம் முறை கேட்டபோது, இம்மானுவேல் உட்கார்ந்தே இருந்தார்.

வெளியே வந்ததும் தவமணியின் அம்மா முத்துப்பேச்சியின் கையைப் பிடித்து, "நீ வந்து சேந்த கதையத்தான் உங்கப்பா பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சொல்லிட்டாரே தாயி. எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றார்.

மத்தியானம் இம்மானுவேல் தோட்டத்துக்குப் போனார். பின்னாலேயே அவளும் போனாள். பந்தலுக்குக் கீழே திராட்சை கொத்துக் கொத்தாகக் கறுத்துத் தொங்கியது. மறுநாள் வெட்டு, கம்பத்து வியாபாரிக்குப் பேசி முடித்தாயிற்று.

"அப்பா, இப்பவாவது சொல்லுங்க. என்னைய ஏன் வச்சுக்கிட்டீக?"

துண்டை உதறுவார் என்று பார்த்தாள். உதறவில்லை. கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நானும் யோசிச்சுப் பாத்துட்டேன் ஆத்தா. நெசமாவே ஒரு காரணமும் இல்ல. இருந்தா சொல்லியிருக்க மாட்டனா? தூக்குனேன், தோள்ல சாஞ்சுக்கிட்ட. அதுக்கப்புறம் இறக்கி வைக்கணும்னு தோணல."

காரணம் இல்லை. இத்தனை வருடமாகத் தேடின ஒன்று இல்லவே இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. கீழே மண்ணில் பத்துப் பன்னிரண்டு உதிரி கிடந்தது. குனியவில்லை. எட்டி, இருப்பதிலேயே பெரிய கொத்தாகப் பார்த்து, காம்போடு ஒடித்தாள்.

"அடி, யாபாரி பாத்து வச்சிட்டுப் போன கொத்துடி அது," என்றார் இம்மானுவேல்.

"எங்கப்பா தோட்டம்," என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயில் போட்டபடி அவர் பக்கத்திலேயே வரப்பில் உட்கார்ந்துகொண்டாள்.